கானகத்தைத் தமிழில் எழுதிய மா. கிருஷ்ணன்

தமிழில் சூழலியல் எழுத்து அண்மைக்காலத்து வரவு என்று கருதுவோர் பலர் உளர். மேலைநாட்டு இயக்கங்களின் செல்வாக்கினால் 1980களுக்குப் பின்னர் இங்கு முளைத்த துறை அது என்றும் சொல்லப்படுவதுண்டு. அக்கருத்து பொருந்தாது என்பதற்கு மயிலாப்பூரில் வாழ்ந்து மறைந்த மா. கிருஷ்ணன் அவர்களின் வாழ்வும் எழுத்தும் போதிய சான்றாகும். ஆனால் அச்சான்றைத் திரட்டிக் காட்டுவது எளிதன்று. அவர் எழுதியவை இதழ்களிலும் நாளிதழ்களிலும் சிதறிக் கிடக்கின்றன.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். ‘பத்மாவதி சரித்திர’த்தின் ஆசிரியராகிய அ. மாதவையாவின் கடைசி மகன் இவர். உப்புத்துறைப் பணியிலிருந்து விலகிய மாதவையா, மயிலாப்பூரில் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் (இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை) வீடு கட்டிக் குடியேறி, ‘பஞ்சாமிர்தம்’ என்னும் இதழை நடத்தினார். அந்நாளைய மயிலை இன்று நாம் காணும் நெரிசல் மிகுந்த நகரப்பகுதி அன்று. புதர்க்காடும் தோப்பும் குளமும் நிறைந்திருந்த அவ்விடத்தில் நரிகளும் வெளிமான்களும் திரிந்தன. கீரி வளர்த்துப் பழகிய சிறுவனுக்கு வீட்டுத் தோட்டமே முதற் பள்ளியாயிற்று.

1925ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழைப் பட்டப்படிப்பில் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென வாதாடிய மாதவையா, பேச்சை முடித்த சிறுபொழுதில் அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தந்தையின் இழப்புக்குப்பின் மூத்த சகோதரியின் அரவணைப்பில் அவர் வளர்ந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தில் தாவரவியல் பேராசிரியர் பைசனின் வழிகாட்டுதல் வாய்த்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அவருடன் அலைந்து செடிகொடிகளை இனங்காணக் கற்றார். பைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் பயின்றார். பார்த்ததைப் பார்த்தவாறே வரைய வேண்டும் என்ற அப்பயிற்சியின் தடம் பின்னாளைய அவரது உரைநடையிலும் புலப்படுகிறது.

சட்டம் பயின்றும் வழக்குமன்றம் அவரை ஈர்க்கவில்லை. 1937இல் இந்துமதி அம்மையாரை மணந்தார். சிறு இதழ்களுக்குக் கட்டுரைகளும் ஓவியங்களும் கேலிச்சித்திரங்களும் தந்து வாழ்க்கையை ஓட்டினார். 1942இல் பெல்லாரியை அடுத்த சண்டூர் சமஸ்தானத்தில் அவருக்குப் பணி கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கு ஏற்றார். ஓய்வுப் பொழுதுகளில் ஆடு மேய்த்தார், புறா வளர்த்தார், சுற்றியிருந்த குன்றுகளையும் காடுகளையும் கால்நடையாகச் சுற்றி அறிந்தார். 1949இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பியவர், நிலையான ஊதியம் எதனையும் நாடாது எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி வாழத் துணிந்தார். காட்டைப் பற்றி எழுதி ஒரு குடும்பம் பிழைக்கலாம் என்று எவரும் எண்ணாத காலம் அது.

1950இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் இருவாரத்திற்கு ஒருமுறை வரும் இயற்கைப் பத்தி ஒன்றைத் தொடங்கினார். ‘கன்ட்ரி நோட்புக்’ என்னும் அப்பத்தி நாற்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அவர் காலமானார். அதே நாளில் அவருடைய இறுதிக் கட்டுரையும் அச்சாகி வந்தது. கணக்கிட்டால் ஆயிரத்தைத் தாண்டும் அக்கட்டுரைகளுள் நூல்வடிவம் பெற்றவை ஒரு பகுதியே.

யானையும் காட்டெருதும் மட்டுமே எழுதத் தக்கவை என்று அவர் கருதவில்லை. வீட்டுக் கூரையிலுள்ள அணில், தெருநாய், காக்கை, ஓணான் ஆகியவற்றுக்கும் அவர் எழுத்தில் சம இடம் உண்டு. கறுப்பு வெள்ளைப் படச்சுருளையே விரும்பினார். பல உறுப்புகளைத் தாமே இணைத்துக்கொண்ட ஒளிப்படக்கருவியைத் தூக்கிக்கொண்டு காடுகளில் நடந்தார். 1968இல் கிடைத்த ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கை, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரும் பாலூட்டிகளைப் பற்றிய ஆய்வுக்குத் துணைசெய்தது. அவ்வாய்வை 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நூலாக்கியது. பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் மண்ணுக்குரிய மரஞ்செடிகளிலும் விலங்குகளிலும் தங்கியிருக்கிறது என்பது அவரது உறுதியான நிலைப்பாடு. அயல்நாட்டு அழகு மரங்களைச் சாலையோரங்களில் நடுவதையும், காட்டை அழித்துத் தைலமரம் வளர்ப்பதையும் அவர் கடுமையாக எதிர்த்தார். முதற்பொருளாகிய நிலத்திலிருந்து கருப்பொருளைப் பிரிக்கவியலாது என்னும் திணைக் கோட்பாட்டை அறிந்த தமிழ்க் கவிஞர்க்கு இந்நிலைப்பாடு புதியதாகத் தோன்றாது. குறிஞ்சிக்கு உரிய மரத்தைப் பெயர்த்துவிட்டால் குறிஞ்சியின் உரிப்பொருளும் ஆட்டங்காணும் அன்றோ!

இத்தகையவரின் தமிழெழுத்து எங்கே இருக்கிறது என்பதே இன்று எழும் வினா. ஆங்கில எழுத்துகளின் நிலை ஓரளவு நன்று. இராமச்சந்திர குகா பதிப்பித்த தொகுப்பு 2000இல் வெளிவந்தது. ஒளிப்படங்களுக்கும் பறவைக் கட்டுரைகளுக்கும் தனித்தனி நூல்கள் பின்னர் வந்தன. தமிழில், சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூல் முதன்மையானது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்திலும் விலங்குகளைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்னும் துப்பறியும் நாவலும் அவர் எழுதியதே என்பது இலக்கிய வாசகர் பலர்க்கு வியப்பூட்டலாம்.

மேலும் தேட விழைவோர் சென்னையின் தென்பகுதியை விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருந்த இடத்திலிருந்தே புரட்டலாம். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழந்தமிழ் இதழ்கள் பேணப்படுகின்றன. எனினும், இதழ்க் கட்டுரைகளைப் பொருள்வாரியாக அட்டவணைப்படுத்தும் வழக்கம் தமிழில் வேரூன்றவில்லை. நூலின் பெயர் தெரிந்தால் நூலை எடுத்துவிடலாம். இதழில் புதைந்த ஒருபக்கக் கட்டுரையை ஆண்டுவாரியாகத் தாள் புரட்டியே கண்டெடுக்க வேண்டும். அத்தாள்களோ ஆண்டுக்காண்டு பழுப்பேறி நொறுங்குகின்றன. இழப்பு ஓர் எழுத்தாளரின் பக்கங்களோடு நின்றுவிடுவதில்லை. பறவைக்கும் விலங்குக்கும் மரத்துக்கும் வழக்கிலிருந்த பெயர்களைக் கண்ணால் கண்டு, சரிபார்த்து, உரைநடையில் நிலைநிறுத்திய ஒருவரின் சொற்கள் மறைந்தால், பின்வரும் கவிஞர் பறவை என்ற பொதுச்சொல்லோடு நின்றுவிட நேரும்.

தந்தை தமிழுக்காகப் பேசியபடியே மறைந்தார். மகன் எழுதியபடியே மறைந்தார். தந்தையின் படைப்புகளைத் தமிழுலகம் ஆய்வேடுகளாலும் மறுபதிப்புகளாலும் ஓரளவேனும் காத்துக்கொண்டது. மகனின் பொருட்டுச் செய்ய வேண்டிய பணி எஞ்சியுள்ளது. பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் உறுப்பினர்கள், ஒருவருக்கு ஓர் இதழ், ஓர் ஆண்டு எனப் பங்கிட்டுக்கொண்டு புரட்டத் தொடங்கினாலே அப்பணி நடைபெற்றுவிடும். கிடைக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் ஆகிய நான்கு குறிப்புகள் எழுதி வைத்தால் முதலில் அதுவே போதுமானது.