சிலுவையின் மரியா: ஆஸ்திரேலியா தந்த அன்னை

2010-ம் ஆண்டு அக்டோபர் 17-ம் நாள் திருத்தந்தை 16-ம் பெனடிக்ட் உரோமையில் ஒரு கன்னியரைப் புனிதையாக உயர்த்தினார். ஆஸ்திரேலிய நாட்டுக்குக் கிடைத்த முதல் புனிதை அவர். மேரி மெக்கிலப் என்பது அவர் பெயர். இன்று பீடங்களில் வைத்து வணங்கப்படும் இந்த அன்னையை 1871-ல் அவருடைய ஆயரே திருச்சபைக்குப் புறம்பாக்கினார் என்றால் வாசகர்கள் வியப்படைவார்கள். அது எவ்வாறு நேர்ந்தது என்பதையே இங்குச் சொல்ல விரும்புகிறோம்.

மேரி 1842 ஜனவரி 15-ல் மெல்போர்ன் நகரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து குடியேறியவர்கள். தந்தை அலெக்சாண்டர் குருத்துவத்திற்குப் படித்து இடையில் விட்டவர். பக்தியும் படிப்பும் உள்ளவர், ஆனால் பணத்தைக் கையாளத் தெரியாதவர். நிலம் போயிற்று, வீடு போயிற்று, உறவினர் தயவில் வாழும் நிலை வந்தது. எட்டுப் பிள்ளைகளில் மூத்தவரான மேரி இளவயதிலேயே வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். ஏழ்மை என்பது அவருக்குப் பிரசங்கத்தில் கேட்ட பொருள் அன்று.

1860-ல் பெனோலா என்னும் சிற்றூரில் உறவினர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் சென்றார். அவ்வூர்ப் பங்குக்குரு அருட்தந்தை ஜூலியன் டெனிசன் உட்ஸ். காடும் மேய்ச்சல் நிலமுமாகக் கிடந்த அவருடைய பரந்த பங்கில் ஏழைக் குடியானவர் பிள்ளைகள் எழுத்தறிவும் ஞான உபதேசமும் இன்றி வளர்ந்தனர். இருவரும் ஒரே கவலையைச் சுமந்தார்கள். 1866-ல் ஒரு பழைய குதிரை லாயத்தைச் செப்பனிட்டுப் பள்ளி தொடங்கினார்கள். அதைச் செப்பனிட்டவர் மேரியின் தம்பி ஜான். மாட்டுத் தொழுவில் பிறந்தவரின் திருச்சபைக்கு அது பொருத்தமான இடமே! அவ்வாண்டு சூசையப்பர் திருநாளன்று மேரி எளிய கறுப்பு உடை அணிந்தார். மறு ஆண்டு அடிலெய்டு நகரில் வார்த்தைப்பாடு கொடுத்து, சிலுவையின் மரியா என்னும் பெயர் பெற்றார். திருஇருதய சூசையப்பர் கன்னியர் சபை இவ்வாறு உருவாயிற்று.

இச்சபையின் ஒழுங்குகளைச் சற்று உற்று நோக்க வேண்டும். பின்னால் வந்த துன்பங்களெல்லாம் இவற்றிலிருந்தே வந்தன. அக்காலத்து மடங்கள் பலவற்றில் சீதனத்தோடு வந்த கன்னியர் ஒரு வகை, வீட்டு வேலை செய்யும் கன்னியர் வேறொரு வகை. மேரியின் சபையில் அந்த வேற்றுமை கிடையாது, எல்லாரும் சமம். சபைக்குச் சொத்து இல்லை. பிச்சை எடுத்தே வாழ்ந்தனர். கட்டணம் கொடுக்க இயலாத பிள்ளைக்கும் பள்ளியில் இடம் உண்டு. இரண்டு மூன்று பேராக ஒரு குடிசையில் தங்கி, வேறு கன்னியர் போகாத ஊர்களுக்கும் போனார்கள். இப்படிச் சிதறி இருப்பவர்களை ஒருங்கே வைத்திருக்க, சபை முழுவதற்கும் ஒரே தலைவி இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. அந்தந்த மறைமாவட்ட ஆயரே தம் எல்லையிலுள்ள மடங்களை ஆள வேண்டும் என்று ஆயர்கள் எண்ணினார்கள். சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஐந்தே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட கன்னியர் சேர்ந்துவிட்டனர். கூடவே கடனும் வளர்ந்தது. தந்தை உட்ஸ் கணக்குப் பார்ப்பதில் வல்லவரல்லர். குருக்கள் சிலர் ஆயர் ஷீலிடம் முறையிட்டனர். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்த ஒரு குருவைப் பற்றிக் கன்னியர் மேலிடத்துக்குத் தெரிவித்ததால் எழுந்த பகையும் இதில் சேர்ந்திருந்தது என்று பிற்கால ஆய்வாளர் எழுதுகின்றனர். நோயாளியான ஆயர் பிறர் சொல்லுக்கு இணங்கி ஒழுங்குகளை மாற்ற முற்பட்டார். தாம் வாக்களித்த ஒழுங்கை விட்டு வாழ இயலாது என்று மேரி பணிவோடு தெரிவித்தார். 1871 செப்டம்பர் 22-ல், கன்னியர் அழுது நிற்க, மண்டியிட்டிருந்த மேரியை ஆயர் திருச்சபையிலிருந்து விலக்கித் தீர்ப்புக் கூறினார். அவருக்கு அப்போது வயது 29.

கன்னியரில் பலர் வெளியேற்றப்பட்டனர். வீடிழந்த அவர்களுக்கு வாடகையின்றி வீடு கொடுத்தவர் இம்மானுவேல் சாலமோன் என்னும் யூதர் என்பதை நாம் நன்றியோடு குறிப்பிட வேண்டும். இயேசு சபைக் குருக்களும் துணை நின்றனர். மேரியோ ஆயருக்கு எதிராக ஒரு சொல்லும் எழுதவில்லை, பிறர் எழுதவும் விடவில்லை. ஐந்து மாதங்கள் இப்படிக் கழிந்தன. 1872 பிப்ரவரியில், மரணப் படுக்கையில் இருந்த ஆயர் தம் தவற்றை உணர்ந்து தடையை நீக்கச் செய்தார். சில நாட்களில் இறந்தார்.

அடுத்த ஆண்டு மேரி தனியாகக் கப்பலேறி, பொதுநிலைப் பெண் உடையில், உரோமைக்குச் சென்றார். பாப்பரசர் 9-ம் பத்திநாதர் அவரை அன்போடு வரவேற்றார். ஒரே தலைவி என்னும் ஒழுங்கை உரோமை ஏற்றது. சொத்தே வேண்டாம் என்னும் ஒழுங்கைத் தளர்த்தியது. பின்னதைத் தந்தை உட்ஸ் பொறுக்கவில்லை. மேரி தம்மைக் கைவிட்டதாக எண்ணி விலகிப்போனார். புறம்பாக்கப்பட்ட நாளைவிட இதுவே அன்னைக்கு ஆழமான காயம் என்பது எங்கள் எண்ணம்.

துன்பம் அதோடு நிற்கவில்லை. 1883-ல் வேறோர் ஆயர் அவரை அடிலெய்டை விட்டே வெளியேறச் சொன்னார். சிட்னிக்குப் போனார். 1885-ல் தலைவிப் பொறுப்பும் எடுக்கப்பட்டு, அன்னை பெர்னார்டு நியமிக்கப்பட்டார். பல ஆண்டுகள் மேரி அவருக்குக் கீழ்ப்படிந்து உழைத்தார். 1888-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் சபைக்கு இறுதி அங்கீகாரம் அளித்தார்; ஒரே தலைவி என்னும் ஒழுங்கு நிலைத்தது. அன்னை பெர்னார்டு இறந்தபின், 1899-ல் கன்னியர் மேரியையே மீண்டும் தேர்ந்தனர்.

1902-ல் நியூசிலாந்தில் பக்கவாதம் தாக்கி வலப்பக்கம் செயலிழந்தது. அன்னை இடக் கையால் எழுதப் பழகி, சக்கர நாற்காலியிலிருந்தே சபையை நடத்தினார். 1905-ல் கன்னியர் மறுபடியும் அவரையே தலைவியாக்கினர். 1909 ஆகஸ்ட் 8-ல் வட சிட்னி மடத்தில் உயிர் துறந்தார்.

கல்லறையில் மக்கள் மண்ணை அள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தனர். ஆகவே 1914-ல் அவருடைய திருவுடலை மடத்துச் சிற்றாலயத்திற்கு மாற்றினார்கள். அங்கே மாதாவின் பீடத்தின் முன் அமைந்த கல்லறை ஜோவன்னா பார் ஸ்மித் என்னும் நெடுநாள் தோழி தந்த காணிக்கை. அந்த அம்மையார் கத்தோலிக்கர் அல்லர், பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர். 1995-ல் பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் அன்னைக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்க சிட்னி வந்தபோது, அந்தக் கல்லறையில்தான் முழந்தாளிட்டுச் செபித்தார்.