அடால்ஃப் பெர்லி

அடால்ஃப் அகஸ்டஸ் பெர்லி (சனவரி 29, 1895 – பெப்ரவரி 17, 1971) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த சட்ட அறிஞரும் பேராசிரியரும் தூதரும் ஆவார். பெரும் நிறுவனங்களில் உடைமை பங்குதாரர்களிடமும் கட்டுப்பாடு மேலாளர்களிடமும் பிரிந்து கிடப்பதை விளக்கியமைக்காக அறியப்படுகிறார். மேலாளர் ஊதியம், நிறுவன முதலீடு பற்றிய பிற்கால ஆய்வுகள் பல இக்கருத்தின் அடிப்படையில் எழுந்தவை.

வாழ்க்கை

பெர்லி பாஸ்டன் நகரில் பிறந்தார். 14 ஆவது அகவையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1916 இல் அங்கேயே சட்டப் பட்டம் பெற்றார். 1919 இல் பாரிஸ் அமைதி மாநாட்டிற்குச் சென்ற அமெரிக்கக் குழுவில் பணியாற்றினார். உடன்படிக்கையின் விதிகளை ஏற்க இயலாமல் விலகினார். 1927 முதல் 1964 வரை கொலம்பியா சட்டப் பள்ளியில் கற்பித்தார்.

உடைமையும் கட்டுப்பாடும்

1932 இல் பொருளியலாளர் கார்டினர் மீன்சுடன் இணைந்து, தற்கால நிறுவனமும் தனியார் உடைமையும் பற்றிய நூலை வெளியிட்டார். வங்கி அல்லாத 200 பெரிய அமெரிக்க நிறுவனங்களை இந்நூல் ஆராய்ந்தது. அமெரிக்கத் தொலைபேசி, தந்தி நிறுவனத்தில் மிகப் பெரிய பங்குதாரரிடம்கூட நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே இருந்தது.

இதன் விளைவு எளிதில் விளங்கக்கூடியது. நூற்றில் ஒரு பங்கை மட்டும் உடைய மேலாளர், நிறுவனத்தின் 100 டாலரைத் தம் நலனுக்குச் செலவிட்டால், பங்குதாரர் என்ற முறையில் அவர் இழப்பது 1 டாலரே. எனவே உயர்ந்த ஊதியம், தம் செல்வாக்கைப் பெருக்கும் விரிவாக்கம் ஆகியவற்றின் பக்கம் அவரது முடிவுகள் சாயக்கூடும். ஈட்டிய இலாபத்தைப் பங்கிடாமல் மீண்டும் முதலீடு செய்யும் நிறுவனம், மூலதனச் சந்தையின் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டியதில்லை என்பதைத் தமது பிற்கால நூல்களில் பெர்லி எடுத்துக்காட்டினார்.

டாட் உடனான விவாதம்

மேலாளர்களின் அதிகாரம் பங்குதாரர் நலனுக்காக ஒப்படைக்கப்பட்டது என 1931 இல் பெர்லி வாதிட்டார். நிறுவனத்திற்குத் தொழிலாளர், நுகர்வோர், சமூகம் ஆகியோரிடமும் கடமை உண்டு என மெரிக் டாட் 1932 இல் மறுத்தார். பலருக்கும் பொறுப்பானவர் இறுதியில் எவருக்கும் பொறுப்பாகார் என்பதே பெர்லியின் அச்சம். எனினும் 1954 இல், நடைமுறை டாட்டின் பக்கமே சென்றுவிட்டதை ஒப்புக்கொண்டார்.

அரசுப் பணி

பிராங்கிளின் ரூசவெல்ட்டின் அறிஞர் குழுவில் பெர்லி இடம்பெற்றார். ரூசவெல்ட் ஆட்சியில் இயற்றப்பட்ட 1933, 1934 ஆம் ஆண்டுகளின் பங்குப்பத்திரச் சட்டங்கள், மேலாளர் ஊதியம் உள்ளிட்ட விவரங்களை வெளியிடக் கோரின. பெர்லி 1938 முதல் 1944 வரை வெளியுறவுத் துணைச் செயலராகவும், 1945–46 இல் பிரேசில் தூதராகவும் இருந்தார்.

தாக்கம்

1976 இல் மைக்கேல் ஜென்சன், வில்லியம் மெக்லிங் ஆகியோர் இச்சிக்கலை முகவர் செலவு எனக் கோட்பாடாக்கினர். மேலாளருக்குப் பங்குகளாக ஊதியம் அளிப்பது தீர்வாகக் கருதப்பட்டு, 1990களில் பரவலானது. ஆனால் பங்கு விலையைக் குறுகிய காலத்தில் உயர்த்துவதற்காகப் பயன்தரும் நீண்டகால முதலீடுகளைக் கைவிடும் போக்கை அது தூண்டக்கூடும் எனப் பின்வந்த ஆய்வாளர் பலர் சுட்டினர். இதனால் பெர்லி எழுப்பிய வினா இன்றும் விவாதத்திற்கு உரியதாகவே உள்ளது.