கரித்துண்டு எறிபட்ட சிறுவன்

சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட உயரமான தொப்பியை மாட்டிக்கொண்டு நிற்கும் குறும்புக்காரப் பூனை ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா? பள்ளி நூலகத்தில் ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியைத் தேடிப் பாருங்கள், கிடைத்தாலும் கிடைக்கும். அந்தப் பூனையைப் படைத்தவர் டாக்டர் சூஸ். இத்தனைக்கும் அவர் மருத்துவரும் இல்லை, முனைவர் பட்டத்துக்குப் படித்து முடித்தவரும் இல்லை. 'சூஸ்' என்பதுகூட அந்தப் பெயரின் சரியான உச்சரிப்பு இல்லை. ஜெர்மன் மொழியில் அதை 'சொய்ஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் எல்லாரும் 'சூஸ்' என்றே அழைத்ததால், அவரும் திருத்திச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு விட்டுவிட்டார்.

அவருடைய முழுப்பெயர் தியோடர் சூஸ் கைசல். 1904ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் டெட் என்று கூப்பிடுவார்கள். 'சூஸ்' என்பது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். அம்மா வீட்டாரும் அப்பா வீட்டாரும் ஜெர்மனியிலிருந்து கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள். அம்மா வீட்டாருக்கு பேக்கரி இருந்தது. அப்பா வழித் தாத்தா, 1876இல் இன்னொருவருடன் கூட்டுச் சேர்ந்து பீர் தயாரிக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கி, ஊரில் பெரிய புள்ளியாகிவிட்டார். வீட்டில் ஜெர்மன் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் ஜெர்மன்தான்.

டெட்டின் அம்மா சிறுமியாக இருந்தபோது பேக்கரியில் வியாபாரம் பார்த்தவர். அன்றைக்கு என்னென்ன பலகாரம் இருக்கிறது என்பதை ராகம் போட்டு வரிசையாகச் சொல்லித்தான் விற்பாராம். பிள்ளைகள் இரவில் தூங்க அடம் பிடித்தால், அதே பலகாரப் பட்டியலைத் தாலாட்டாகப் பாடுவார். தம் கதைகளில் வரும் தாளக்கட்டு அம்மாவிடம் கற்றது என்று பிற்காலத்தில் டெட் நன்றியோடு சொல்வார். ஊர்ப் பூங்காவில் ஒரு மிருகக்காட்சிச் சாலையும் இருந்தது. டெட் பென்சிலும் தாளுமாக அங்கே போவான். பார்த்த மிருகத்தைப் பார்த்தபடி வரைய அவனுக்கு வராது. காது நீண்டுவிடும், கால் எங்கேயோ மடங்கும். வீட்டுக்கு வந்து படுக்கையறைச் சுவரிலும் கிறுக்குவான். அம்மா திட்டமாட்டார்! (உங்கள் வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் நம் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்களே, அதே போர்தான். அமெரிக்கா முதலில் ஒதுங்கியே நின்றது. 1915 மே மாதம் லூசிடானியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. இறந்தவர்களில் அமெரிக்கர்களும் இருந்தார்கள். 1917 ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் குதித்தது.

அப்போது அமெரிக்காவில் ஜெர்மனியில் பிறந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளுமாக ஏறக்குறைய 80 லட்சம் பேர் இருந்தார்கள். நேற்றுவரை அண்டை வீட்டுக்காரர்களாக இருந்தவர்கள் ஒரே நாளில் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். பல மாநிலங்களில் பள்ளிகளில் ஜெர்மன் பாடத்தை நிறுத்தினார்கள். தெருக்களின் ஜெர்மன் பெயர்களை மாற்றினார்கள். புளிக்கவைத்த முட்டைக்கோஸ் கறிக்கு ஒரு ஜெர்மன் பெயர் உண்டு. அதைக்கூட விடுதலைக் கோஸ் என்று மாற்றிவிட்டார்கள். கோஸ் என்ன பாவம் செய்தது சொல்லுங்கள்!

டெட்டுக்கு அப்போது 13 வயது. ஜெர்மன் பெயர், ஜெர்மன் தாத்தா, ஊரறிந்த பீர் ஆலை. பள்ளிக்குப் போகும் வழியில் பையன்கள் கேலி செய்தார்கள். கல்லும் கரித்துண்டும் அவன் மேல் பறந்தன. அவன் அமெரிக்காவில் பிறந்தவன். அவன் அப்பாவும் அங்கேயே பிறந்தவர். ஜெர்மனியை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எறிந்தவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எறிந்தார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் பிள்ளைகளுக்கு எதிராளியின் வீட்டு விவரம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

நானும் இந்த நாட்டுக்காரன்தான் என்று காட்ட டெட்டுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. போர்ச் செலவுக்காக அரசு பொதுமக்களிடம் கடன் பத்திரங்கள் விற்றது. சாரணச் சிறுவர்கள் வீடு வீடாகப் போய் அவற்றை விற்றார்கள். டெட்டும் சாரணன். அவனுடைய தாத்தா, ஜெர்மனியில் பிறந்த அதே தாத்தா, பேரனிடம் 1,000 டாலருக்குப் பத்திரம் வாங்கினார். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. ஊரிலேயே அதிகமாக விற்ற பத்துச் சிறுவர்களில் டெட்டும் ஒருவன் ஆனான்.

1918இல் பரிசளிப்பு விழா. பதக்கம் அணிவிக்க வந்தவர் யார் தெரியுமா? முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்! அரங்கு நிறையக் கூட்டம். மேடையில் பத்துச் சிறுவர்கள் வரிசையாக நின்றார்கள். டெட் கடைசி ஆள். ரூஸ்வெல்ட் ஒவ்வொருவருக்காகப் பதக்கம் குத்திக்கொண்டு வந்தார். ஆனால், அவரிடம் கொடுக்கப்பட்டிருந்த பதக்கங்கள் ஒன்பதுதான். யாரோ எண்ணிக்கையில் தவறிவிட்டார்கள். கை காலியானதும் ரூஸ்வெல்ட், இந்தப் பையன் எதற்காக இங்கே நிற்கிறான் என்று உரக்கக் கேட்டார். விளக்கம் சொல்ல ஆள் இல்லை. சாரண ஆசிரியர் அவசர அவசரமாக டெட்டை மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிப் போய்விட்டார்.

அவர் வேண்டுமென்று அவமானப்படுத்தவில்லைதான். ஆனால், ஒரு வருடமாகத் தெருவில் கரித்துண்டு வாங்கிக்கொண்டிருந்த பையனுக்கு, இவன் இங்கே எதற்கு என்ற கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உலகப்புகழ் பெற்ற பிறகும் டெட்டுக்கு மேடை என்றால் நடுக்கம்தான். அதற்குக் காரணமாக இந்தச் சம்பவத்தையே சொல்வார்.

1918 நவம்பரில் போர் முடிந்தது. டெட்டின் வீட்டுக்கோ, போர் முடிந்த பிறகுதான் பெரிய அடி விழுந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு வேண்டும் என்று வெகுகாலமாகப் போராடி வந்தவர்களுக்குப் போர்க்காலம் கைகொடுத்தது. பீர் ஆலை முதலாளிகளில் பெரும்பாலோர் ஜெர்மானியர்கள் என்பதைச் சொல்லிச் சொல்லியே ஆதரவு திரட்டினார்கள். 1920 ஜனவரியில் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. தாத்தா அதற்குச் சற்று முன்புதான் இறந்துபோயிருந்தார். குடும்பத் தொழில் மூடப்பட்டது. அப்பா, பின்னாளில் ஊர்ப் பூங்காக்களின் கண்காணிப்பாளர் ஆனார். மிருகக்காட்சிச் சாலையும் அவர் பொறுப்பில்தான்!

டெட் டார்ட்மத் கல்லூரியில் படித்தார். அங்கே நகைச்சுவைப் பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியர். மதுவிலக்குக் காலத்தில் நண்பர்களோடு அறையில் குடித்து மாட்டிக்கொண்டதால், அந்தப் பொறுப்பைப் பறித்தார்கள். சொந்தப் பெயரில் எழுத முடியாமல், 'சூஸ்' என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். பிறகு இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். குறிப்பேட்டில் பாடத்தைவிடப் படங்களே அதிகம் இருந்ததைக் கண்ட ஹெலன் பால்மர் என்ற சக மாணவி, படம் வரைவதையே தொழிலாக வைத்துக்கொள்ளச் சொன்னார். 1927இல் அவரையே மணந்துகொண்டார் டெட். பூச்சிமருந்து விளம்பரங்களுக்குப் படம் வரைந்து சம்பாதித்தார். ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள மல்பெரி தெருவை வைத்து எழுதிய முதல் கதைப் புத்தகத்தை இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1937இல் வெளிவந்தது.

இனி நான் சொல்லப்போவது அவருக்குப் பெருமை தராத பகுதி. அதை மறைத்துவிட்டு வரலாறு எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை.

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1941 முதல் 1943 வரை நியூயார்க் நாளிதழ் ஒன்றில் டெட் 400க்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்கள் வரைந்தார். ஹிட்லரை விளாசினார். யூதர்களையும் கறுப்பின மக்களையும் ஒதுக்கிவைத்த அமெரிக்கர்களையும் கேலி செய்தார். எல்லாம் நல்லதுதான். ஆனால், 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 13ஆம் தேதி டெட் வரைந்த படத்தில், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் ஜப்பானிய வம்சாவளியினர் நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி முகம். ஆளுக்கொரு வெடிமருந்துப் பொட்டலம் வாங்கிப் போகிறார்கள். அதாவது, அத்தனை பேரும் துரோகிகளாம்!

ஆறே நாளில் அரசு ஆணை வந்தது. ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடு வாசலிலிருந்து கிளப்பி, முள்வேலி போட்ட முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். பள்ளிப் பிள்ளைகளும் ஏராளம். அந்த ஆணை டெட்டின் படத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. அன்று பல பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. இருந்தாலும், கரித்துண்டு எறிபட்ட அந்தப் பையன் எங்கே போனான் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

1943இல் அவர் ராணுவத்தில் சேர்ந்து, வீரர்களுக்கான திரைப்படங்களுக்கு எழுதினார். தோற்ற ஜெர்மனியில் காவல் இருக்கப்போகும் அமெரிக்க வீரர்களுக்காக ஒரு படம் தயாரானது. ஜெர்மானியர் யாரையும் நம்பாதே, கைகுலுக்காதே, அங்குள்ள இளைஞர்களிடம் கூடுதல் எச்சரிக்கையாக இரு என்பது அதன் சாரம். எழுதியவர், ஜெர்மன் தாலாட்டில் வளர்ந்த டெட்! மக்களோடு பேசவே கூடாது என்ற கட்டளையில் மட்டும் தமக்கு உடன்பாடில்லை என்று பிறகு சொன்னார்.

1953இல் அவரும் ஹெலனும் ஜப்பான் போனார்கள். போருக்குப் பிறகு அங்குள்ள குழந்தைகளின் மனம் எப்படி இருக்கிறது என்று பத்திரிகைக் கட்டுரைக்காகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெரியவர்கள் ஆனதும் என்னவாக ஆசை என்பதைப் படமாக வரைந்து தரும்படி பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டார்கள். ஏராளமான படங்கள் வந்து குவிந்தன. 1942இல் அவர் வரைந்தது ஒரே அச்சில் வார்த்த முகங்களை. இங்கேயோ ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு பிள்ளையின் ஆசை! அந்தப் பயணத்தில் அவருக்கு உற்ற துணையாக இருந்தவர் கியோட்டோ நகரத்துப் பேராசிரியர் மிட்சுகி நகமுரா.

ஊர் திரும்பியதும் எழுதிய புத்தகம்தான் 'ஹார்ட்டன் ஹியர்ஸ் எ ஹூ'. 1954இல் வந்தது. ஹார்ட்டன் என்ற யானைக்கு ஒரு தூசியிலிருந்து குரல் கேட்கிறது. அந்தத் தூசிக்குள் ஒரு ஊரே இருக்கிறது! மற்ற மிருகங்கள் நம்பவில்லை. யானையைக் கட்டிப்போட்டு, தூசியைக் கொதிக்கும் எண்ணெயில் போடப் பார்க்கின்றன. உள்ளே இருப்பவர்கள் தாங்கள் இருப்பதைக் காட்டத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். கேட்கவில்லை. கடைசியாக ஒரு பொடியன் தன் குரலையும் சேர்த்த பிறகுதான் வெளியே கேட்கிறது. டெட் தம் ஜப்பான் அனுபவத்தைத்தான் இப்படிக் கதையாக்கினார் என்று விமரிசகர்கள் சொல்கிறார்கள்.

1957இல் தொப்பிப் பூனை வந்தது. சிறு குழந்தைகள் தாமே படிக்கும்படி 236 சொற்களை மட்டும் வைத்து எழுதிய கதை அது. 1960இல் ஐம்பதே சொற்களில் ஒரு புத்தகம் எழுதி, பதிப்பாளரோடு கட்டிய பந்தயத்திலும் ஜெயித்தார். எனக்குப் பிடித்தது 1961இல் வந்த 'ஸ்னீச்சஸ்'. வயிற்றில் நட்சத்திரம் உள்ள பறவைகள், இல்லாத பறவைகளைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஒரு வியாபாரி வந்து, காசு வாங்கிக்கொண்டு நட்சத்திரம் ஒட்டுகிறான். மறுபடி காசு வாங்கிக்கொண்டு அதை நீக்குகிறான். ஒட்டி, நீக்கி, ஒட்டி, நீக்கி, கடைசியில் யார் எந்தக் கூட்டம் என்பதே மறந்துபோகிறது. பணப்பெட்டியோடு வியாபாரி நடையைக் கட்டுகிறான்.

முதல் புத்தகமான மல்பெரி தெருக் கதையில் ஒரு சீனர் வருவார். மஞ்சள் முகமும் முதுகில் சடையுமாக, பார்த்துச் சிரிக்கும்படி அவரை வரைந்திருந்தார் டெட். நாற்பது வருடங்கள் கழித்து, 1978இல், அந்த மஞ்சளையும் சடையையும் நீக்கினார். 1991 செப்டம்பர் 24ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் லா ஹோயா என்ற ஊரில், தம் 87ஆவது வயதில் காலமானார்.

2021இல் அவருடைய பிறந்த நாளன்று, அவர் நூல்களின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம், பிற இனத்தவரைப் புண்படுத்தும் படங்கள் இருப்பதால் ஆறு புத்தகங்களை இனி அச்சிடப்போவதில்லை என்று அறிவித்தது. மல்பெரி தெருவும் அந்த ஆறில் ஒன்று. ஹார்ட்டன் கதைக்கு அந்த நிலை வரவில்லை. அது கையில் கிடைத்தால், கதைக்குள் போகும் முன் காணிக்கைப் பக்கத்தைப் பாருங்கள். கியோட்டோவைச் சேர்ந்த நண்பர் மிட்சுகி நகமுராவின் பெயர் அங்கே இருக்கும்.