ஆசுகவி கல்லடி வேலுப்பிள்ளை: நகையும் அதன் எல்லையும்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார். அந்நகை பிறத்தற்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறி, அவற்றுள்ளும் எள்ளலையே முன்வைத்தார். பழித்துப் பாடும் அங்கதத்தையும், வெளிப்படப் பழிக்குஞ் செம்பொருள், மறைத்துப் பழிக்கும் பழிகரப்பு என இருவகையாக வகுத்தார். ஆகவே எள்ளிப் பாடுதல் தமிழர்க்குப் புதியதோர் கலையன்று. அக்கலையினால் நமது குடாநாட்டிலே பெரும் பெயர் பெற்றவர் ஆசுகவி கல்லடி வேலுப்பிள்ளை.

அன்னார் 1860ஆம் ஆண்டிலே, வலிகாமம் வடக்கிலுள்ள வயாவிளானிற் பிறந்தார். தந்தையார் கந்தப்பிள்ளை; தாயார் வள்ளியம்மை. வீட்டின் அயலிலே கிடந்த பெருங்கல்லொன்றினால் ‘கல்லடி’ என்னும் அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிற்று. ஊரார் அவரைக் கல்லடி வேலன் என்றே வழங்கினர்.

ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நாற்கவிகளுள் ஆசுகவியே புலவனுக்கு அவகாசந் தராதது. கொடுத்த பொருளைக் கொடுத்த யாப்பிலே அக்கணமே பாடவேண்டும். எள்ளலுக்கு இது பெரிதும் பொருந்தும். நகைப்புக்கிடமான செய்கை கண்முன் நிற்கும்போதே பாட்டுப் பிறந்தால் அவையோர் சிரிப்பர். மறுநாட் பிறந்தால் அது வெறும் வசையாகிவிடும். வேலுப்பிள்ளையவர்களுக்கு இவ்விரைவு இயல்பாக வாய்த்தது.

ஆயினும் அவரை வெறும் விகடகவியெனக் கொள்ளுதல் தவறு. 1902ஆம் ஆண்டிலே ‘சுதேச நாட்டியம்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கி அதன் ஆசிரியராக விளங்கினார். 1918இல் ‘யாழ்ப்பாண வைபவ கௌமுதி’ என்னும் வரலாற்று நூலை வெளியிட்டார். ‘மேலைத்தேய மதுபான வேடிக்கைக் கும்மி’ என்பது அவரது மற்றொரு படைப்பு. அங்கே நகைக்கப்படுவது மதுபானம் என்பதை அதன் பெயரே உணர்த்தும். கும்மி முற்றத்திலே கைகொட்டிப் பாடப்படுவது, படியாதாரும் பாடக்கூடியது. அறிவுரை நுழையாத வீட்டினுள்ளும் நகை நுழையும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. போலிப் புலவரைப் பிள்ளைப்பாண்டியன் குட்டினான், வில்லிபுத்தூரர் செவியறுத்தார், ஒட்டக்கூத்தர் தலைகொய்தார் என்று பழங்கதைகள் கூறும். அவ்வில்லிபுத்தூரரே அருணகிரிநாதரிடம் தோற்றபோது, வென்றவர் அவர் செவியை அறுக்காது விடுத்தார் என்பதும் அக்கதையே. கற்றவனுக்கு வெற்றியினும் பொறுமை பெரிது.

இதனை யான் பட்டறிந்தே எழுதுகின்றேன். மாணவனாயிருந்த நாளில், உடன்பயின்ற ஒருவன் வகுப்பறைச் சுவருக்கென மயிலொன்று வரைந்து வந்தான். அது கோழியையே பெரிதும் ஒத்திருந்தது. யான் உடனே ஒரு வெண்பாப் பாடினேன். வகுப்பு முழுவதும் சிரித்தது, அவனும் சிரித்தான். ஆயின் அதன்பின் அவன் தூரிகையைத் தொட்டதை யான் கண்டிலேன். தளைதட்டாத அந்த வெண்பாவை இன்று நினைப்பினும் நாணம் மேலிடுகின்றது. குடியையும் பிற தீய வழக்கங்களையும் எள்ளுதல் ஊருக்கு மருந்து. கற்கத் தொடங்கும் கையை எள்ளுதலோ முளையைக் கிள்ளுதல்.

வேலுப்பிள்ளையவர்கள் 1944ஆம் ஆண்டிலே மறைந்தார்கள். 1990இல் போரினால் வயாவிளான் மக்கள் ஊர்விட்டுப் பெயர நேர்ந்தது. வீடும் வளவும் உடன் செல்லவில்லை. கல்லடி வேலனின் நகைச்சுவை மாத்திரம் அவர்தம் நாவிலே உடன் சென்றது. பாட்டியற்ற விழையும் இளைய மாணாக்கர் அவரிடம் விரைவையும் துணிவையும் கற்பாராக. யாரை நோக்கிப் பாடுகின்றோம் என்பதை மாத்திரம் பாடுமுன் ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.