அரசவையில் தனித்து நின்ற ரபி

பார்சலோனாவுக்கு விடுமுறைக்குப் போற எங்கட ஆக்கள் கால்பந்து மைதானத்தையும் கௌடியின் தேவாலயத்தையும் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். அதே நகரத்தில் 1263 ஜூலையில் நடந்த ஒரு வாதத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. மேசியா வந்துவிட்டாரா, இனித்தான் வரப்போகிறாரா என்பதுதான் கேள்வி. மன்னர், பிஷப்புகள், துறவிகள், பிரபுக்கள் எல்லோரும் கூடியிருந்த சபையில் யூதர் பக்கம் பேச நிறுத்தப்பட்டவர் ஒரே ஒருவர். அவருக்கு அப்போது எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

பெயர் மோசே பென் நாக்மன். உலகம் நாக்மனிடிஸ் என்கிறது, யூதர்கள் சுருக்கமாக ரம்பான் என்பார்கள். 1194இல் கத்தலோனியாவின் ஜிரோனா நகரத்தில் பிறந்தவர். வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். தல்மூத் படிப்பில் அந்தக் காலத்து ஸ்பெயினில் அவருக்கு மிஞ்சின ஆள் இல்லை என்று பெயர் எடுத்தார். வம்பு தேடிப் போகிற மனுஷன் இல்லை. 1230களில் மைமோனிடிஸின் நூல்களை வைத்து யூதர்களே இரண்டு பட்டு நின்றபோது சமாதானம் பேசிப் பார்த்தவர் அவர்.

வாதத்துக்கு அவரை இழுத்தவர் பாப்லோ கிறிஸ்தியானி. யூதராகப் பிறந்து, மதம் மாறி, டொமினிக்கன் துறவியானவர். அவர் கொண்டுவந்த உத்தி புதிது. அதற்கு முன் 1240இல் பாரிஸில் தல்மூத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். இரண்டு வருடம் கழித்து அதன் பிரதிகளை வண்டி வண்டியாக ஏற்றி வந்து எரித்தார்கள். பாப்லோவோ எரிக்கச் சொல்லவில்லை. மேசியா வந்துவிட்டார் என்பதை உங்கள் தல்மூத்திலிருந்தே காட்டுகிறேன் என்று வந்து நின்றார். வீட்டுக்காரனின் பத்திரத்தைக் காட்டியே வீட்டை எழுதி வாங்குகிற மாதிரி ஒரு கெட்டித்தனம்.

நாக்மனிடிஸ் முதலில் கேட்டது ஒன்றுதான்: மனதில் உள்ளதைப் பேசச் சுதந்திரம். அரகோன் மன்னர் முதலாம் ஹைமே அதைக் கொடுத்தார்.

பாப்லோ ஆதியாகமத்தில் தொடங்கினார். யாக்கோபு சாகும்போது யூதாவை ஆசீர்வதித்து, ஷிலோ வரும்வரை செங்கோல் அவனை விட்டு நீங்காது என்கிறார். இன்றைக்கு யூதர்களிடம் செங்கோல் இல்லை, ஆகவே மேசியா வந்துவிட்டார் என்பது வாதம். (ஷிலோ என்ற அந்தச் சொல்லை நாங்கள் வாசிக்கும் தமிழ் வேதாகமம் சமாதான கர்த்தர் என்று மொழிபெயர்த்திருக்கிறது. மொழிபெயர்ப்பே ஒரு பக்கம் சாய்ந்த விளக்கம்தான், நாங்கள் கவனிக்கிறதில்லை.) நாக்மனிடிஸின் பதில் நேரடியானது. பாபிலோன் சிறையிருப்புக் காலத்திலும் யூதாவுக்கு அரசன் இருக்கவில்லையே? செங்கோல் இடையில் விட்டுப்போகலாம், யூதாவின் உரிமை போகாது என்பதுதான் வசனத்தின் பொருள் என்றார்.

அடுத்து, எருசலேம் ஆலயம் அழிந்த நாளில் மேசியா பிறந்தார் என்று சொல்லும் ஒரு ரபினியக் கதையை பாப்லோ எடுத்தார். தனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை என்றார் நாக்மனிடிஸ். பிறகு, சரி, நம்புவோம் என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறதே என்றார். ஆலயம் அழிந்தது கி.பி. 70இல், இயேசு பிறந்தது அதற்கு எத்தனையோ வருடம் முன்னால். இந்த மாதிரிக் கதைகள் வேதமும் இல்லை, சட்டமும் இல்லை, ஒரு பிஷப் செய்யும் பிரசங்கம் போலத்தான், விரும்பினவர் ஏற்கலாம் என்று விளக்கமும் கொடுத்தார். அவர் உள்ளபடியே அப்படி நினைத்தாரா, நெருக்கடிக்குச் சொன்னாரா என்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். அவருடைய வேத உரையை வாசிப்பவர்களுக்கு அந்தக் கதைகளை அவர் எவ்வளவு மதித்தார் என்று தெரியும். எனக்கென்னவோ இரண்டும் கலந்த பதிலாகத்தான் தெரிகிறது.

ஏசாயா 53ஆம் அதிகாரமும் வந்தது. அடிபட்டு, பிறருக்காகப் பாடுபடும் தாசன் யார்? கிறிஸ்தவர்களுக்கு அது இயேசு. நாக்மனிடிஸுக்கு அது இஸ்ரவேல் ஜனம் முழுவதும்.

ஆனால் அவர் நின்ற உறுதியான இடம் வேறு. மேசியாவின் காலத்தில் வாள்கள் கலப்பைக் கொழுக்களாக அடிக்கப்படும், ஜாதிகள் யுத்தம் கற்கமாட்டார்கள் என்கிறார் ஏசாயா. இயேசு வந்த நாளிலிருந்து உலகத்தில் இரத்தம் ஓய்ந்ததா? யுத்தத்தை மறந்துவிட்டால் உங்களுக்கும் உங்கள் வீரர்களுக்கும் எவ்வளவு சிரமமாக இருக்கும் என்று மன்னரின் முகத்துக்கு நேரே கேட்டார். ஹைமே லேசுப்பட்டவர் இல்லை, மயோர்க்காவையும் வலென்சியாவையும் வாளால் பிடித்தவர்.

வாதம் நீள நீள, பார்சலோனா யூதர்களுக்குப் பயம் பிடித்தது. நீர் வென்றால் அடி எங்களுக்குத்தான் விழும், நிறுத்தும் என்று கெஞ்சினார்கள். அவரும் மன்னரிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்டார், மன்னர் விடவில்லை. நான்கு அமர்வுகள் முடிந்ததும் மன்னர் அவருக்கு 300 காசு கொடுத்து வழியனுப்பினாராம். இது நாக்மனிடிஸ் எழுதிய கணக்கு. மறுபக்கத்து லத்தீன் அறிக்கையைப் பார்த்தால், ரபி பதில் சொல்ல முடியாமல் தடுமாறி, மன்னர் ஊரில் இல்லாத நேரம் நழுவிப் போய்விட்டார் என்று இருக்கிறது.

அவர் வாயால் பேசியதற்குத் தண்டனை வரவில்லை, எழுதியதற்கு வந்தது. ஜிரோனா பிஷப் கேட்டதால் வாதத்தை எழுதிக் கொடுத்தார். 1265இல் டொமினிக்கன்கள் அதை வைத்து தேவதூஷணம் என்று வழக்குப் போட்டார்கள். மன்னர் முன்னிலையில் சொன்னதைத்தானே எழுதினேன் என்றார் அவர். இரண்டு வருட நாடுகடத்தலும் நூலை எரிப்பதும் போதும் என்று ஹைமே முடிக்கப் பார்த்தார். அது காணாது என்று துறவிகள் மறுத்தார்கள். பாப்பரசர் நான்காம் கிளெமென்ட்டும் மன்னரை நெருக்கினார். சுதந்திரம் கொடுத்த கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

1267இல், எழுபது தாண்டிய வயதில், குடும்பத்தை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். எருசலேமில் இருந்து மகனுக்கு எழுதிய கடிதத்தில் நகரத்தின் நிலையைச் சொல்கிறார்: ஏறக்குறைய 2000 பேர், அதில் 300 கிறிஸ்தவர்கள். யூதர்கள் என்று பார்த்தால் துணிக்குச் சாயம் போடும் சகோதரர் இருவர் மட்டும். ஓய்வுநாளில் அவர்கள் வீட்டில்தான் பத்துப் பேர் சேர்ந்து ஜெபம். பளிங்குத் தூண்கள் நின்ற ஒரு பாழடைந்த வீட்டைப் பிடித்துச் ஜெபக்கூடமாக்கினார்கள். மங்கோலியருக்குப் பயந்து சீகேமுக்கு அனுப்பி வைத்திருந்த தோரா சுருள்களைத் திரும்ப எடுப்பித்தார்கள்.

தன் வேத உரையை அந்த நாட்டில் இருந்துதான் திருத்தி முடித்தார். மகனை மறுபடி காணவில்லை. 1270இல் இறந்தார். அவருடைய கல்லறை எங்களிடம்தான் இருக்கிறது என்று ஹைபா, ஆக்கோ, எப்ரோன், எருசலேம் என நான்கு ஊர்கள் சொல்கின்றன.