சாதி விளையும் வீடு: குடும்பத்தை ஆராய்ந்த அம்பேத்கர்

அம்பேத்கரை அரசியலமைப்பின் தலைமைச் சிற்பியாகவும் தீண்டாமை எதிர்ப்புப் போராளியாகவும் அறிந்தோர் பலர். குடும்பம் என்னும் நிறுவனத்தை ஆராய்ந்த சமூகவியலாளராக அவரை அறிந்தோர் சிலரே. சாதி குளத்தங்கரையிலும் கோயில் வாசலிலும் வெளிப்படுகிறது. ஆனால் அது உருவாவது வீட்டுக்குள், திருமணத்தின் வழியாக. இருபத்தைந்து வயதில் அவர் கண்ட இந்த உண்மையே, அறுபது வயதில் அவர் அமைச்சர் பதவியைத் துறந்தது வரை தொடர்ந்தது.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில், ராம்ஜி சக்பால், பீமாபாய் இணையரின் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்த அவரை அத்தை மீராபாய் வளர்த்தார். அக்கால வழக்கப்படி பதின்பருவத்திலேயே அவருக்கு மணம் முடிக்கப்பட்டது. மணமகள் ரமாபாய் அப்போது சிறுமி. பம்பாயின் பைகுலா சந்தையில், வணிகம் முடிந்த இரவு நேரத்தில் அத்திருமணம் நடைபெற்றது. குழந்தை மணத்தைப் பின்னாளில் ஆராய்ந்தவர், அதைத் தம் வாழ்விலேயே கண்டவர்.

1913இல் தந்தை மறைந்தார். அதே ஆண்டு பரோடா அரசின் உதவித்தொகையுடன் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1916 மே 9 அன்று மானுடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், இந்தியச் சாதிகளின் இயங்குமுறையும் தோற்றமும் பற்றிய கட்டுரையை வாசித்தார்.

தீட்டையோ தொழிற்பிரிவையோ சாதியின் சாரமாக அவர் கொள்ளவில்லை. அகமணமே, அதாவது குழுவுக்குள்ளேயே மணமுடிக்கும் கட்டுப்பாடே, சாதியின் அடிப்படை என்றார். அதன் விளைவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். ஒரு குழு தனக்குள் மட்டுமே மணம் செய்ய வேண்டுமாயின் மணவயதுடைய ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் மனைவி மிகையாகிறாள். அவள் குழுவுக்கு வெளியே மணந்தால் எல்லை உடைகிறது. உள்ளே மணந்தால் மற்றொரு பெண்ணுக்குரிய மணமகன் குறைகிறான். ஆகவே அவளை உடன்கட்டை ஏற்றினர்; அல்லது கட்டாயக் கைம்மையில் அடைத்தனர். மனைவியை இழந்த ஆணையோ குழு இழக்க விரும்பவில்லை. அவனுக்காக மணவயதை எட்டாத சிறுமியைத் தேர்ந்தெடுத்தது. இவ்வாறு மூன்று கொடிய வழக்கங்களும் ஒரே கணக்கிலிருந்து பிறந்தன. பெண்ணைக் கட்டுப்படுத்துவது சாதியின் பக்கவிளைவு அன்று. சாதி நிலைபெறும் வழியே அதுதான்.

மேலிருந்தோர் முதலில் கதவடைத்தனர். கீழிருந்தோர் அவர்களைப் பின்பற்றினர் என்பது அக்கட்டுரையின் மற்றொரு கூறு. மறுமணமும் மணவிலக்கும் இயல்பாக இருந்த பல உழைக்கும் சமூகங்கள், சற்று வசதி வந்ததும் அவற்றை இழிவாகக் கருதத் தொடங்கியதை விளங்கிக்கொள்ள இது இன்றும் உதவுகிறது.

ஆய்வாளரின் சொந்தக் குடும்பம் வறுமையில் உழன்றது. அவர் லண்டனில் படித்த ஆண்டுகளில் பம்பாயில் குடும்பச் சுமையைத் தாங்கியவர் ரமாபாய். ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். இறுதியாக 1926இல் ராஜரத்னம் மறைந்தான். பண்டரிபுரம் செல்ல ரமாபாய் விரும்பியபோது, தீண்டப்படாதோரை உள்ளே விடாத கோயிலுக்குப் போக அம்பேத்கர் இசையவில்லை. 1935 மே 27 அன்று ரமாபாய் மறைந்தார். ஒரு தலைவரின் பொதுவாழ்வுக்காக ஒரு பெண் கொடுத்த விலையை மறைத்துவிட்டு அந்த வரலாற்றை எழுத இயலாது.

தம் மக்களின் குடும்பங்களையும் அவர் விமர்சிக்கத் தயங்கவில்லை. 1927இல் மகாத்தில் கூடிய பெண்களிடம் மகள்களைப் படிக்க வைக்குமாறு வேண்டினார். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்தார். 1942 ஜூலையில் நாகபுரியில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், பிள்ளைகளுக்கு விரைந்து மணமுடிக்க வேண்டாம் என்றும், மனைவி கணவனின் அடிமையாக அன்றித் தோழியாக நிற்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். இடையில், 1936இல் எழுதிய சாதி ஒழிப்பு உரையில், உடன் உண்பது போதாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்று நிறுவினார். 1948 ஏப்ரல் 15 அன்று, பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் சாரதா கபீரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். சவிதா என அறியப்பட்ட அவர், 1956இல் நாகபுரியில் அம்பேத்கருடன் பௌத்தம் தழுவினார்.

சட்ட அமைச்சராக அவர் முன்னெடுத்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா அந்த 1916 கட்டுரையின் சட்ட வடிவம் எனலாம். சாதி கடந்த திருமணத்திற்கும் தத்தெடுப்புக்கும் ஏற்பு, ஒருதார மணம், மணவிலக்கு உரிமை, மகளுக்குச் சொத்தில் பங்கு, பெண்ணின் சொத்தின் மீது அவளுக்கே முழு உரிமை ஆகியவை அதில் இடம்பெற்றன. சொத்தும் விலகும் உரிமையும் கொண்ட பெண்ணை அகமணத்திற்குள் பூட்டிவைப்பது கடினம். எதிர்த்தோரும் இதை உணர்ந்தே இருந்தனர். மசோதா கைவிடப்பட்ட நிலையில் 1951 செப்டம்பரில் அவர் பதவி விலகினார். பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்பட்டதும் வெளியுறவுக் கொள்கையும் கூட அதற்குக் காரணங்களாயின. எனினும் இறுதிக் காரணம் இம்மசோதாவே.

1955, 1956ஆம் ஆண்டுகளில் அது நான்கு தனிச் சட்டங்களாகப் பிரிந்து நிறைவேறியது. ஆனால் கூட்டுக்குடும்பச் சொத்தில் ஆண்மக்களின் பிறப்புரிமை அப்படியே நீடித்தது. மகள்களுக்கு அவ்வுரிமை தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும்தான் கிடைத்தது. 1956 டிசம்பர் 6 அன்று மறைந்த அம்பேத்கர் அதைக் காணவில்லை.

கூட்டுக்குடும்பம் சிதைந்து தனிக்குடும்பம் பெருகுவதையே இன்று குடும்பத்தின் மாற்றம் என்கிறோம். அம்பேத்கரின் அளவுகோல் வேறு: திருமணத்தின் எல்லை மாறியதா என்பதே அவர் கேள்வி. 2011-12ஆம் ஆண்டின் இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி, சாதி கடந்த திருமணங்கள் நூற்றுக்கு ஐந்தளவே. ஆணவக் குற்றங்களைத் தடுக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்குமாறு 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரும் கொலைகள் ஓயவில்லை. மதம் கடந்து மணப்போர் நாடும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், முப்பது நாள் முன்னறிவிப்பைக் கோருகிறது. இந்துப் பெண்ணை மணக்க விரும்பும் தலித் கிறித்தவ இளைஞருக்கு அந்த அறிவிப்பே ஆபத்தாக முடியலாம்.

ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும், முன்னறிவிப்பு விதி நீங்க வேண்டும் என்ற கோரிக்கைகளைத் தனிமனிதர் காதலுக்கான சலுகைகளாகக் காண்பது தவறு. அவை சாதி ஒழிப்பின் மையக் கோரிக்கைகள். தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் ஒரு பெண்ணின் உரிமையை நம் வீடுகள் ஏற்காதவரை, வீதியில் நாம் பெறும் உரிமைகள் பாதியிலேயே நிற்கும்.