லூர்து நகர்ப் பெர்நதெத்தம்மாள்

நந்தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றின் முற்றத்தே கருங்கல்லை அடுக்கிக் குகைபோல் அமைத்த கெபி ஒன்று காணப்படும். அதன் மேற்புறத்து மாடத்திலே வெண்ணிற ஆடையும் நீலக் கச்சையும் பூண்ட தேவமாதாவின் சுரூபம் நிற்கும். கீழே, தலையில் முக்காடிட்டு, கையிற் செபமாலை ஏந்தி, ஏழைச் சிறுமி ஒருத்தி முழந்தாளிட்டிருப்பாள். வருவோர் கண்கள் மேல்நோக்கிச் செல்லுதல் இயல்பு. கீழிருப்பவள் யாவள் என்று வினவுவார் சிலரே. புதுவையை அடுத்த வில்லியனூரில் லூர்து மாதாவின் திருத்தலம் 1877-ஆம் ஆண்டில் எழுந்தது. அஃது எழுந்த காலத்து அச்சிறுமி வளர்ந்து, பிரான்சு தேசத்துக் கன்னியர் மடம் ஒன்றில் நோயாளியாய் உயிரோடிருந்தாள் என்பதை நினைக்குங்கால் வியப்புண்டாகின்றது. அவள் சரிதமே ஈண்டு எழுதப்புகுவது.

பிரான்சின் தென்மேற்குக் கோடியில், அந்நாட்டை ஸ்பெயினினின்றும் பிரிக்கும் பிரனீசு மலைத்தொடரின் அடிவாரத்தே உள்ளது லூர்து. 1858-ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 4,000 பேரே. நடுவே பாறைக்குன்றின்மீது ஒரு பழங்கோட்டை. அதன் கீழே மலையினின்று இறங்கிவரும் காவ் ஆறு. ஊர்ப்புறத்தே எஸ்பெலூக் என்னும் குன்று ஆற்றை நோக்கிச் சரிந்திறங்கும். அச்சரிவின் அடிப்பாறைக்கு மசபியேல் என்று பெயர். அவ்வூர் மொழியிற் பழம்பாறை என்பது பொருள். அதன் குகை ஊரார் மதிக்கும் இடமன்று. பன்றி மேய்ப்போர் தம் மந்தையை ஒதுக்குவர். ஏழைகள் ஆறு கொணர்ந்து ஒதுக்கும் விறகைப் பொறுக்குவர்.

இவ்வூரிலே, நீர்விசையாற் சுழலும் போலி என்னும் மாவாலையில், 1844-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள் பெர்நதெத்து பிறந்தாள். தந்தை பிரான்சுவா சுபிரு, தாய் லூயிசு. இவர்களுக்கு இவளே தலைமகள். தந்தை நல்லவர்; ஆனால் வாணிகத்துக்குரியவர் அல்லர். கடனுக்கு மாவரைத்துக் கொடுப்பார், கேட்க நாணுவார். எந்திரக்கல்லைக் கொத்துங்கால் தெறித்த சில்லினால் ஒரு கண்ணை இழந்தார். 1854-இல் ஆலை கைவிட்டுப்போயிற்று. மறு ஆண்டு வாந்திபேதி நோய் ஊரை வாட்டியது. பெர்நதெத்து அதனின்று பிழைத்தாளாயினும் அன்றுமுதல் மூச்சிரைப்பு நோய் அவளை விட்டு நீங்கவில்லை. கூலிக்காரராகிய சுபிருவின் குடும்பம் 1857-இல் ஒரு பாழறையிற் குடிபுகுந்தது. அது முன்னர்ச் சிறைக்கூடமாயிருந்து, கைதிகளுக்கும் ஆகாதென்று விடப்பட்டது. தாய், தந்தை, மக்கள் நால்வர் ஆக அறுவர் அவ்வோரறையில் வாழ்ந்தனர். அவ்வாண்டிலேயே மாவு மூட்டை களவுபோயிற்றென்று தந்தையைப் பிடித்துச் சிலநாள் காவலில் வைத்தனர். குற்றம் மெய்ப்படவில்லை. அவரை ஐயுற்றதற்குக் காரணம் அவருடைய வறுமையே!

பதினான்கு வயதாகியும் பெர்நதெத்துக்கு எழுத்து வாராது. பிரஞ்சு மொழியும் செவ்வனே வாராது. அவளறிந்தது அம்மலைப்புறத்துப் பேச்சுமொழியே. பர்த்ரேசு என்னும் சிற்றூரில் ஆடு மேய்த்துவந்தவள், ஞானோபதேசம் கற்றுப் புதுநன்மை வாங்கவேண்டும் என்னும் ஆவலால் 1858 சனவரியில் வீடு திரும்பினாள்.

அடுத்த மாதம் 11-ஆம் நாள் வியாழக்கிழமை, கடுங்குளிர். வீட்டில் அடுப்பெரிக்க விறகில்லை. பெர்நதெத்தும் தங்கையும் தோழி ஒருத்தியும் மசபியேற் பாறையை நோக்கிச் சென்றனர். மற்றையிருவரும் ஆலைக்கால்வாயைக் கடந்துவிட்டனர். இவள் நோயாளியாதலின் தயங்கிப் பின் காலுறையைக் கழற்றுங்கால், காற்று வீசினாற்போன்ற ஓரொலி கேட்டது. நிமிர்ந்து நோக்கினாள், மரங்கள் அசையவில்லை. மீண்டும் ஒலித்தது. குகையின் மேற்புறத்து மாடத்தில் காட்டுரோசாப் புதர் ஒன்று மாத்திரம் அசைய, அவண் ஒளியும், ஒளியினூடே வெண்ணிற ஆடையும் நீலக் கச்சையும் பூண்டு, பாதங்களில் மஞ்சள் ரோசா விளங்க, இளம்பெண் ஒருத்தியும் தோன்றக் கண்டாள். அஞ்சிச் செபமாலையை எடுத்தாள். சிலுவை வரையக் கை எழவில்லை. காட்சியில் வந்தவள் சிலுவை வரைந்த பின்னரே இவள் கையும் எழுந்ததாம். தோழியர் ஒன்றுங் காணவில்லை.

தான் கண்டது இன்னாரென்று பெர்நதெத்து கூறினாளல்லள். ஊரார் தேவமாதா என்றனர்; அவளோ தன் மொழியில் அக்கெரோ என்றே வழங்கினாள். அதற்கு, அது என்பதே பொருள். கண்ட அளவே கூறுதல், காணாததைச் சேர்த்துரையாமை, இவ்விரண்டும் அவள் வாழ்நாள் முழுதும் விடாது பற்றிய விரதமெனலாம். மூன்றாங் காட்சியில் அவ்வம்மை அவளைப் பதினைந்து நாள் வர இசைவாளோ என்று வேண்டினாள். தமிழ் பயில்வோர் ஈண்டு ஒன்று கருதற்பாலது. வீட்டிலும் வீதியிலும் எல்லோராலும் நீ என்றே விளிக்கப்பட்ட அவ்வேழைப் பெண்ணை, அவ்வம்மை மரியாதைப் பன்மையால் விளித்துப் பேசினாள். பேசியதும் கற்றோர் இழிவாகக் கருதிய அம்மலைமொழியிலேயே. அம்மரியாதைச் சொல் தன்னை வியப்பித்தது என்று பெர்நதெத்து பிற்காலத்துங் கூறுவதுண்டு. இவ்வுலகில் அவளை இன்பமுறச் செய்வதாக அவ்வம்மை வாக்களிக்கவில்லை, மறுமையிலேயே என்றாள்.

செய்தி பரவியது, கூட்டம் பெருகியது. பெப்ருவரி 21-ஆம் நாள் போலீசுத் தலைவர் ஜாக்கோமே அவளை அழைத்து விசாரித்தார். அவள் கூறியவற்றைத் தாளில் எழுதி, இடையிடையே சிறிது திரித்துப் படித்துக் காட்டினார். தடுமாறுவாளென்பது அவர் எண்ணம். அவளோ திரித்த இடந்தோறும் நிறுத்தித் திருத்தினாள். பின்னர்ச் சிறை என்று அச்சுறுத்தினார். முன்னை ஆண்டிலே தந்தை காவலில் இருந்ததைக் கண்டவளுக்கு அது வெற்றுச் சொல் அன்று. எனினும் அவள் வாக்கு மாறவில்லை.

25-ஆம் நாள் நிகழ்ந்ததே கண்டோர் பலரை அருவருப்பித்தது. பெர்நதெத்து குகையினுள்ளே முழந்தாளால் நகர்ந்து சென்று, மண்ணைக் கையாற் கிளறி, கலங்கிய சேற்றுநீரை மும்முறை உமிழ்ந்து நான்காம் முறை பருகி, அங்கிருந்த புல்லையுந் தின்றாள். முகமெல்லாஞ் சேறு! உறவினர் நாணினர், பித்துப் பிடித்ததென்று பலர் நகைத்தனர். பாவிகளுக்காகச் செய்தாள் என்பதே அவள் விடை. அன்று அவள் கிளறிய இடத்தில் ஊறிய நீர் நாளடைவில் தெளிந்து பெருகியது. இன்றுங் குழாய்களின் வழியே திருயாத்திரிகர்க்கு வழங்கப்படுவது அவ்வூற்றே. அவ்வாண்டு ஆகஸ்டில் துலூசு நகரத்து இரசாயன நூல்வல்லார் பில்யோல் சோதித்து, அது மருந்துக் குணம் யாதுமில்லாத நல்ல குடிநீரே என்று அறிவித்தார்.

நிற்க. அவ்விடத்தே மக்கள் பவனியாக வருதல் வேண்டும், ஒரு கோயிலும் எழுதல் வேண்டும் என்னுஞ் செய்தியைக் குருமாரிடம் சொல்லும்படி அவ்வம்மை பணித்தாள். பங்குக்குரு பெய்ரமால் உயர்ந்த உருவமும் இடிக்குரலும் உடையவர். உள்ளத்தால் ஏழைகள்பால் அன்பினர். மார்ச்சு 2-ஆம் நாள் அவர்முன் சென்று பவனியைச் சொன்ன அளவில் அவர் சினந்தெழவே, பெர்நதெத்து கோயிலைப் பற்றிச் சொல்ல மறந்து வெளிப்போந்தாள். அரைகுறையாகச் சொல்லிவிட்டோமே என்று அன்று மாலையே துணை ஒருத்தியுடன் திரும்பிச்சென்று எஞ்சியதையும் சொல்லி முடித்தாள். அச்சத்தை வென்ற இம்மாலைச் செலவே அவள் சரிதத்தில் என்னைப் பெரிதும் கவர்ந்தது. போலீசுத் தலைவர்முன் நின்றது அழைப்பின்பேரில். இஃதோ தானே சென்றது.

வந்தவள் பெயரை அறிந்துவா என்று குருவானவர் பணித்தார். மார்ச்சு 25-ஆம் நாள், தானே அமலோற்பவம் என அவ்வம்மை உரைத்தாள். பொருளறியாத சிறுமி, மறவாதிருக்க வழிநெடுகச் சொல்லிக்கொண்டே ஓடிக் குருவானவரிடம் ஒப்பித்தாள். ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் அமலோற்பவத்தை விசுவாச சத்தியமாக அறிக்கையிட்டது 1854-ஆம் ஆண்டில். எழுத்தறியாத பெண் இச்சொல்லை எங்ஙனம் அறிந்தாள் என்று பெய்ரமால் திகைத்தார். அதுமுதல் அவர் பகைவரல்லர்.

சூன் மாதத்தில் அதிகாரிகள் குகையைப் பலகையடித்து அடைத்தனர். மக்கள் பிடுங்கினர், மீண்டும் அடைத்தனர். சூலை 16-ஆம் நாள் இறுதியான பதினெட்டாங் காட்சியைப் பெர்நதெத்து ஆற்றின் மறுகரைப் புல்வெளியில் முழந்தாளிட்டே கண்டாள். அக்டோபரில், மூன்றாம் நெப்போலியன் ஆணையால் அடைப்பு நீங்கியது. தார்பு மேற்றிராணியார் லோரான்சு நியமித்த குழுவினர் ஆராய்ந்த பின்னர், காட்சிகள் நம்பத்தக்கன என்று 1862 சனவரி 18-ஆம் நாள் அறிக்கை போந்தது.

பாழறையில் வாழ்ந்த அக்குடும்பத்துக்குப் பொன்னும் பணமும் கொடுக்க வந்தோர் பலர். பெர்நதெத்து தொட மறுத்தாள். தம்பி ஒருவன் யாத்திரிகர்க்கு நீர் கொணர்ந்து கொடுத்துக் காசு பெற்றமைக்கு அவனை அடித்துத் திருப்பிக் கொடுக்கச் செய்தாள் என்பர். உலோகத்தால் நாணயமும் மெழுகால் உருவமும் செய்து விற்போர் பெருகிய அவ்வூரிலே, அக்காட்சியால் ஊதியம் பெறாத வீடு அவள் வீடு.

1864 ஏப்பிரலில், லியோன் நகரத்துச் சிற்பி பபிஷ் செய்த சலவைக்கற் சுரூபம் மாடத்தில் நிறுவப்பட்டது. நம்மூர்க் கெபிகளில் நிற்பது இதன் படியே. சிற்பி அவளை வினவியே செய்தார். ஆயினும் பெர்நதெத்து கண்டு, தான் பார்த்தது இதுவன்று என்றாள். தான் கண்டவள் இத்துணை உயரமும் முதிர்ச்சியும் உடையவளல்லள் என்பது அவள் குறை. ஊரே போற்றிய சுரூபத்தைப் பற்றியும் அவள் முகமனுக்காகப் பொய் உரைத்திலள்.

1866 மே மாதம் பாறையின்மேல் எழுந்த கோயிலின் கீழ்மண்டபம் திறக்கப்பட்டது. பெர்நதெத்து கூட்டத்தினிடையே இருந்து கண்டாள். அவ்வாண்டிலேயே இருப்புப்பாதையும் லூர்துக்கு வந்தது. யாத்திரிகர் வண்டி வண்டியாய் வந்திறங்கத் தொடங்கிய அக்காலத்தே, சூலை 4-ஆம் நாள், அவள் பிறந்தகத்தையும் குகையையும் விட்டு நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்துக்குப் புறப்பட்டாள். பின் ஒருநாளும் திரும்பவில்லை.

மடத்திலே மரி பெர்நார் என்னும் பெயர் பூண்ட அம்மையார், வந்த மறுநாள் கன்னியர் எல்லோர் முன்னும் ஒருமுறை தம் காட்சிகளை எடுத்துரைத்தார். அதன்பின் அதைப் பற்றிப் பேசலாகாதென்பது கட்டளை. 1867 அக்டோபரில் வார்த்தைப்பாடு கொடுத்த நாளில், உடனிருந்தோர்க்கெல்லாம் ஒவ்வோர் ஊரிற் பணி குறிக்கப்பட்டது. இவர் ஒன்றுக்கும் உதவார் என்று சபையார் அறியத் தலைவியார் கூறினார். மேற்றிராணியார் இவருக்குச் செபிக்கும் பணியை அளித்தார். செருக்கு அணுகாவண்ணம் காத்தற்கே அங்ஙனஞ் செய்தனர் போலும். எனினும் அம்முறை எனக்குக் கடுமையாகவே தோன்றுகின்றது. உண்மையில் அவர் மடத்து நோயாளரைப் பேணுவதில் வல்லவர். பூவேலைத் தையலிலும் கைதேர்ந்தவர். தம்மை ஒரு துடைப்பத்துக்கு ஒப்பிட்டு, வேலை முடிந்தபின் அதற்குரிய இடம் கதவின் மூலையே என்று அவர் கூறியதாகச் சொல்வர்.

தாய் 1866 டிசம்பரிலும் தந்தை 1871-இலும் இறந்தனர். இருவர் முகத்தையும் அவர் காணக் கூடவில்லை. மூச்சிரைப்போடு வலமுழங்காலில் எலும்புருக்கி நோயும் சேர்ந்தது. அவர் தோண்டிய ஊற்றில் மூழ்கி நலமுற்றோம் என்று பலர் கூறிக்கொண்டிருக்க, அவர் நோய் மாத்திரம் நீங்கவில்லை. 1876-இல் மேற்கோயிலின் அபிஷேகத்துக்கு மேற்றிராணிமாரும் பெருங்கூட்டமும் திரண்டனர். பெர்நதெத்தம்மாள் அங்கில்லை. யாரும் தம்மைக் காணாது குகையை மட்டும் காணக் கூடுமாயின் செல்ல விருப்பமுண்டு என்றாராம். 1879 ஏப்பிரல் 16-ஆம் நாள், படுக்கவும் இயலாது சாய்வு நாற்காலியில் இருந்தவாறே உயிர்நீத்தார். அப்போது வயது 35.

லூர்தோ மேன்மேலும் வளர்ந்தது. மேற்கோயிலின் அடியில் செபமாலைக் கோயில் எழுந்து 1901-இல் அபிஷேகம் பெற்றது. 1958-இல் ஏறக்குறைய 20,000 பேர் கொள்ளும் நிலவறைக் கோயிலும் அமைந்தது. எஸ்பெலூக் குன்றின் சரிவிலே ஆளுயரச் சுரூபங்களோடு சிலுவைப்பாதை செல்கின்றது. குணமடைந்தோர் கூற்றுக்களை ஆராய 1883-இல் மருத்துவர் நிலையமும் ஏற்பட்டது. அதில் ஆயிரக்கணக்கானோர் கூற்றுக்கள் பதியப்பட்டிருந்தும், திருச்சபை புதுமையென ஏற்றவை 70-க்குச் சற்று மேற்பட்டவையே.

பெர்நதெத்தம்மாளின் கல்லறை 1909, 1919, 1925 ஆகிய மூன்று ஆண்டுகளில் திறந்து சோதிக்கப்பட்டது. 1925-இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1933 டிசம்பர் 8-ஆம் நாள் அர்ச்சியசிஷ்டவராகவும் பதினோராம் பத்திநாதர் அவரை அறிவித்தார். அவர் உடல் லூர்துக்குக் கொண்டுசெல்லப்படவில்லை. நெவேர் மடத்துச் சிறுகோயிலில், கண்ணாடிப் பேழையுள், முகத்துக்கும் கைகளுக்கும் மெல்லிய மெழுகுப் போர்வையிட்டு, கன்னியர் உடையோடு வைக்கப்பட்டிருக்கின்றது.